கோட்டைமேட்டு நோன்புக் கஞ்சிக் கடை: தூக்குவாளியோடு போங்க

ரம்ஜான் மாதம் கோவை கோட்டைமேட்டுப் பக்கம் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனால், பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு எல்லாம் குழைய வெந்து தேங்காய்ப் பால் சேரும் வாசமே ஆளை இழுத்துவிடும். நான் வாங்கியது ஒரு சின்னக் கடையில், பெயர்ப்பலகைகூட இல்லை. கஞ்சி அருமை. கொத்துக்கறி பேருக்கு இல்லாமல் வாய்க்கு வாய் தட்டுப்பட்டது, வெந்தயக் கசப்பு எட்டிப் பார்த்ததோடு சரி. எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரி!

சமோசாதான் ஏமாற்றம். ஆறிப்போய் எண்ணெய் கக்கியது, கேட்டால் "கூட்டம் பாருங்க அண்ணா" என்றார் பையன். அப்புறம், கொதிக்கிற கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள், அதனால் வீட்டிலிருந்தே தூக்குவாளி எடுத்துப் போங்க.

இன்னொன்று, பாங்கு சொல்லும் நேரத்தில் போய் நிற்காதீங்க. கடைக்காரரும் நோன்பாளிதான், பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து அவர் நோன்பு திறக்கட்டும். பிறைக் கணக்கு என்பதால் ரம்ஜான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும், போன வருஷத் தேதியை நம்பிக் கிளம்பிவிடாதீங்க.