பழைய காலண்டர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: கறையையும் சேர்த்து அச்சடித்து விற்கிறார்கள்

1947-ஆம் ஆண்டுக் காலண்டர் என்று சொல்லி, அண்மையில் அச்சடித்த ஒரு தாளை 340 டாலருக்கு என் தலையில் கட்டினார் ஒரு வியாபாரி. பணம் பெரும்பாடு பட்டுத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அவர் கடையை மூடவில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அதே படத்தை மறுபடியும் விற்கிறார். அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய அச்சுப் படங்கள், போஸ்டர், லேபிள் என்று இணையத்தில் தேடி வாங்கும் நம் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் கார் மெக்கானிக் கடை, ஹார்டுவேர் கடை, பெட்ரோல் பங்க், முடிதிருத்தும் கடை என்று ஆண்கள் கூடும் இடங்களிலெல்லாம் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும். மேலே ஒரு பெண்ணின் ஓவியம், கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே மாதத் தாள்கள். பின்-அப் காலண்டர் என்பார்கள். இதில் பெரிய கம்பெனி மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் 1896-ல் தொடங்கிய பிரவுன் அண்ட் பிகிலோ. அதே ஊரில் பிறந்த கில் எல்வ்கிரென் அவர்களுக்காக வருடக்கணக்கில் வரைந்தார். ஸோயி மோஸர்ட், ஜாய்ஸ் பாலன்டைன், பேர்ல் ஃப்ரஷ் என்று இந்தத் துறையில் பெயர் வாங்கிய பெண் ஓவியர்களும் உண்டு. வியாபார முறை நமக்குத் தெரிந்ததுதான். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள், கடைக்காரர் அதில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார், கீழே அவர் கடைப் பெயரை அடித்துக் கொடுப்பார்கள். அங்கேயும் விற்பனை ஆள் மாதிரிப் படங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்.

இந்தக் காலண்டர்களில் கௌகேர்ல், அதாவது மாட்டுப் பண்ணைப் பெண் வேடத்துப் படங்கள் ஒரு தனி வகை. அகலத் தொப்பி, இடுப்பில் தோல் உறை, கையில் ரிவால்வர், முகத்தில் சிரிப்பு. இதற்கு விலை கூடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வின்செஸ்டர், ரெமிங்டன் போன்ற துப்பாக்கிக் கம்பெனிகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே விளம்பரக் காலண்டர் போட்டவை. பெரும்பாலும் வேட்டைக் காட்சிகள். அவற்றைத் தேடுகிற ஒரு பெரிய கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. பின்-அப் ஓவியம் சேர்க்கிற கூட்டம் வேறு. துப்பாக்கி பிடித்த பெண் படம் வந்தால் இரண்டு கூட்டமும் ஏலத்தில் மோதும். எல்வ்கிரெனின் எண்ணெய் ஓவியம் ஒன்று 2011-ல் 2 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு மேல் போன பிறகு, ஓவியம் வாங்க முடியாதவர்கள் அச்சுக் காலண்டர் பக்கம் திரும்பினார்கள். போலி அடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சந்தை வேண்டுமா?

எங்கள் குடும்பத்துக்குச் சிவகாசியில் அச்சகம். தாள், மை, புள்ளி இவற்றைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெண் படம் போட்ட காலண்டரை எதற்கு வாங்குகிறாய் என்று வீட்டிலேயே கேட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், தோலின் நிறத்தை நாலு மையில் அப்படிக் கொண்டுவந்த அச்சுக்காரர்களின் கைவேலைக்காகத்தான் வாங்குகிறேன். அதனாலேயே இந்தப் போலி எனக்கு வெறும் பண விஷயமாகத் தெரியவில்லை.

விற்றவர் போட்ட விளம்பரத்தில், தன் தாத்தாவின் கொட்டகையில் கிடைத்தது என்று ஒரு கதை இருந்தது. நான் பின்பக்கப் படம் கேட்டேன், ஓரங்களின் படம் கேட்டேன், கடைப் பெயர் எழுத்துகளை நெருக்கத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். எல்லாம் அனுப்பினார். பழுப்பேறிய பின்பக்கம், ஓரத்தில் சின்னக் கிழிசல், தோல் உறைக்குப் பக்கத்தில் காப்பி நிறத்தில் ஒரு கறை, மேலே ஆணித் துளை. அந்தக் காலத்து அசல்தானா என்று கேட்டதற்கு ஆமாம் என்று எழுத்திலேயே பதில் தந்தார். படங்களில் இருந்தது அசல்தான், அதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. வந்து சேர்ந்தது அந்த அசலை ஸ்கேன் செய்து எடுத்த நகல்.

சூழ்ச்சியே இதில்தான் இருக்கிறது. நகல் அந்த அசலிலிருந்தே எடுத்ததால் கறை இருக்க வேண்டிய இடத்தில் கறை இருக்கிறது. கிழிசல் இருக்க வேண்டிய இடத்தில் கிழிசல் இருக்கிறது. படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் எல்லாம் பொருந்துகிறது என்று திருப்தியாகி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார். நான் ஆணித் துளையில் விரல் வைத்தேன். துளை இல்லை. வழவழவென்று தாள்தான் இருந்தது. கிழிசலும் அப்படியே, கிழிந்த மாதிரி அச்சாகியிருந்ததே தவிர ஓரம் முழுசாக இருந்தது. பின்பக்கத்துக்குத் தேயிலைத் தண்ணீரோ வேறு எதுவோ பூசிப் பழுப்பாக்கியிருந்தார்கள். மேலே இருந்த தகரப் பட்டை மட்டும் உண்மையிலேயே பழையது. வேறு ஏதோ காலண்டரிலிருந்து கழற்றி மாட்டியிருக்க வேண்டும்.

அப்புறம் லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து எழுத்துகளைப் பார்த்தேன். இந்த ஒரு சோதனை தெரிந்தால் பாதிப் போலிகளை வீட்டிலேயே பிடித்துவிடலாம். அந்தக் காலத்தில் படத்தை நாலு நிறப் புள்ளிகளாக அடித்த பிறகு, கடையின் பெயரைத் தனியாக, பெரும்பாலும் அச்சுக் கோத்து, ஒரே மையில் அடிப்பார்கள். எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும். பின்பக்கம் விரலால் தடவினால் எழுத்து அழுந்திய தடம் லேசாகப் படும். ஸ்கேன் எடுத்த நகலில் எழுத்தும் படத்தோடு படமாக வருவதால், கறுப்பு எழுத்துக்குள்ளேயே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் தெரியும். எனக்கு வந்ததில் கடைப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் வண்ணத் தூசியாக இருந்தது. கன்னத்தில், பழைய புள்ளி மேல் புதுப் புள்ளி விழுந்ததால் வரும் அலை மாதிரியான கோடுகளும் இருந்தன. யு.வி. (புற ஊதா ஒளி) டார்ச் அடித்தேன், பின்பக்கத்தில் கறை ஏறாத ஒரு மூலை நீலமாகப் பளிச்சிட்டது. அப்படிப் பளிச்சிட வைக்கிற, தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1940-களின் இறுதிக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலாக வந்தது. 1947 தாளென்றால் மங்கலாகத்தான் இருக்க வேண்டும்.

மாதத் தாள்கள் இன்னும் மோசம். விளம்பரத்தில் ஜனவரி மட்டும்தான் தெரிந்தது. 1947 ஜனவரி 1 புதன்கிழமை, அது சரியாக இருந்தது. நவம்பரைத் திருப்பினால் 11-ஆம் தேதியில் வெட்டரன்ஸ் டே (முன்னாள் படைவீரர் நாள்) என்று போட்டிருக்கிறது. அந்த நாளுக்கு 1954 வரைக்கும் ஆர்மிஸ்டிஸ் டே (போர்நிறுத்த நாள்) என்றுதான் பெயர். மெமோரியல் டே மே 26, திங்கட்கிழமை என்று இருக்கிறது. 1947-ல் அது மே 30, வெள்ளிக்கிழமை. விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிய சட்டம் 1968-ல் வந்து 1971-ல்தான் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரியிலும் இதே கதைதான், வாஷிங்டன் பிறந்தநாள் 22-க்குப் பதிலாக 17. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் நிரலில் 1947 என்று தட்டி இன்றைய விடுமுறைப் பட்டியலோடு அச்செடுத்திருக்கிறார்கள். ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாளும் வந்திருக்கும். 1947-ல் அவருக்கே 18 வயதுதான். முன்பக்கம் தெரிகிற தாள் என்பதால் அதை மட்டும் கவனமாக நீக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். தாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழசாகும் என்று முதலில் பதில் வந்தது. விடுமுறை விஷயத்தைக் கேட்டதும், மாதத் தாள் மட்டும் பிற்பாடு மாற்றியிருக்கலாம், படம் அசல்தான் என்றார். எழுத்துக்குள் வண்ணப் புள்ளி எப்படி வந்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற வரியை வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டு, இனிமேல் எழுதினால் தொல்லை கொடுப்பதாகப் புகார் செய்வேன் என்று மிரட்டினார். ஏமாந்தவனை மிரட்டுகிற அந்த வார்த்தைதான் எனக்கு ரொம்பக் கோபம் மூட்டியது.

விற்பனைத் தளம் முதலில் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. விளம்பரப் படத்தோடு பொருள் ஒத்துப்போகிறது என்று காரணம். கறை பொருந்துகிறதாம்! பிறகு கிரெடிட் கார்டு வங்கியில் தகராறு பதிவு செய்தேன். வெறுமனே போலி என்று எழுதாமல், அசல்தான் என்று அவர் எழுத்தில் கொடுத்த பதிலையும் நவம்பர் தாளின் படத்தையும் முன்னால் வைத்தேன். அச்சுப் புள்ளி பற்றி வங்கி ஊழியருக்குப் புரியவைப்பது கஷ்டம். 1947-ல் இல்லாத ஒரு விடுமுறை நாள் என்றால் எவருக்கும் உடனே புரியும். பணம் வந்தது. அமெரிக்காவில் பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் தகராறு சொன்னால் சட்டப்படி உரிமை உறுதி, அதனால் விற்றவரோடு பேசிப் பேசியே நாளைக் கடத்திவிடாதீர்கள். நண்பருக்கு அனுப்புவதாகக் காட்டிப் பணம் போடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பேபாலில் அந்த வழியில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

நகல் என்றால் நகல் என்று அச்சிட வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். 1973-ல் அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் வந்தது, ஆனால் அது நாணயம், பதக்கம், தேர்தல் பேட்ஜ் போன்றவற்றுக்குத்தான். காலண்டர் அதில் சேராது. நகல் அடிப்பது தனியாக ஒரு தவறும் இல்லை, அழகான நகலை நகல் என்று சொல்லி 15 டாலருக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நானே வாங்கியிருக்கிறேன். அசல் என்று எழுதி விற்பதுதான் மோசடி. அதனால் அந்த வார்த்தையை விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்குவது முக்கியம். பழையது போன்ற, பழைய பாணி, விண்டேஜ் என்றெல்லாம் சுற்றி வளைத்தால் அது வாக்குறுதியே ஆகாது. எந்த ஆண்டில் அச்சடித்தது என்று நேராகக் கேளுங்கள்.

கடையின் முகவரியையும் விடாதீர்கள். ஐந்து இலக்க ஜிப் கோடு, அதாவது அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண், 1963 ஜூலையில்தான் வந்தது. 1951 காலண்டரில் அது இருந்தால் மேற்கொண்டு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை. சின்ன ஊர்க் கடை என்றால் தொலைபேசி எண் இரண்டு மூன்று இலக்கத்தில்கூட இருக்கும், அது நல்ல அறிகுறி. ஆனால் அசலை அப்படியே ஸ்கேன் செய்திருந்தால் முகவரி சரியாகத்தான் வரும், ஆகவே இது மட்டும் போதாது. ஆணித் துளைக்குப் பின்னால் விளக்கை வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துளை உண்மையானால் வெளிச்சம் வரும். எல்லா மாதத் தாள்களையும் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான வியாபாரிக்கு இது பெரிய வேலையே இல்லை. இதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு வந்த படத்தில் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை, வேலிக் கட்டையில் ஒரு கால், வலது கையில் ரிவால்வர், எதிரே தகர டப்பா. கறை தோல் உறைக்குக் கீழே, இடது பக்கம், பாதி நிலா மாதிரி. அதே கறையோடு இன்னொன்று இப்போது வேறு பெயரில், வேறு மாநில முகவரியில் விலைக்கு வந்திருக்கிறது. இந்த முறை தாத்தாவின் கொட்டகைக்குப் பதிலாக மூடிப்போன ஹார்டுவேர் கடையின் கிடங்கு. இரண்டு தனித்தனி அசல் தாள்களில் ஒரே இடத்தில் ஒரே வடிவத்தில் கறை விழ வழியில்லை. தளத்துக்குப் புகார் கொடுத்திருக்கிறேன், இதை எழுதும்வரை விளம்பரம் இருக்கிறது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இருந்தால் அந்தக் கறையைப் பாருங்கள், நவம்பர் தாளைப் பாருங்கள். தாள் வந்த உறையையும் அஞ்சல் முத்திரையையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். தபாலில் வந்த மோசடியை அமெரிக்கத் தபால் புலனாய்வுத் துறை விசாரிக்கிறது, புகார் கொடுக்கும்போது அந்த உறை தேவைப்படும்.