ஜெராக்ஸ் மெஷினில் மெமரி பேட்டரி மாற்றம்: எந்த வழியில் டேட்டா தப்பும்?

ராத்திரி ஆஃப் செய்த ஜெராக்ஸ் மெஷின் காலையில் தேதியைத் தப்பாகக் காட்டினால், உள்ளே இருக்கும் பேக்கப் பேட்டரி போய்க்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் தேதியை மறுபடி செட் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். புது மாடல்களில் அதனால் பெரிய ஆபத்து இல்லை. அவற்றில் செட்டிங் எல்லாம் ஈஈப்ராம், ஃபிளாஷ் போன்ற, கரன்ட் இல்லாமலே நினைவு வைத்திருக்கும் சிப்களில் இருக்கும். பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். ஆஃப் செய்து, பேட்டரியை மாற்றி, நேரத்தைத் திருத்தினால் வேலை முடிந்தது.

பழைய மெஷின்களின் கதை வேறு. அவற்றில் அதே பேட்டரிதான், கரன்ட் நின்றால் டேட்டா அழிந்துபோகும் எஸ்ராம் (SRAM) என்ற மெமரி சிப்புக்கும் உயிர் கொடுக்கிறது. கவுன்டர், டிபார்ட்மென்ட் கோடு, ஃபேக்ஸ் நம்பர்கள், ரெஜிஸ்ட்ரேஷன் அளவு (தாளில் படம் விழும் இடம்), ஃபியூசர் (டோனரைச் சூட்டில் தாளோடு ஒட்டும் பகுதி) வெப்பநிலை, டிரம்முக்கான சார்ஜ் வோல்டேஜ் எல்லாம் அந்தச் சிப்பில்தான். உங்கள் மாடல் இதில் எந்த வகை என்று சர்வீஸ் கையேட்டில் பார்க்காமல் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

எஸ்ராம் அழிந்தால் போகிற எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பு இல்லை. டிபார்ட்மென்ட் கோடுகளைத் திரும்ப டைப் செய்துகொள்ளலாம். ரெஜிஸ்ட்ரேஷனை டெஸ்ட் பிரின்ட் போட்டு நேர் செய்யலாம். டோனர் சென்சாரின் ஆரம்ப மதிப்பு அப்படித் திரும்பாது. புது டெவலப்பர் (டோனரைச் சுமந்து செல்லும் காந்தத் தூள்) கொட்டிய அன்று, டோனரோடு சேர்ந்த அந்தக் கலவையை அளந்து மெஷின் குறித்து வைத்துக்கொண்ட எண் அது. அது போய்விட்டதே என்று, ஏற்கெனவே ஓடிய டெவலப்பரை வைத்துக்கொண்டு மறுபடி இனிஷியல் செட்டிங் ஓட்டினால், இப்போது இருக்கும் கலவையையே மெஷின் சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் டோனர் குறைவாக இருந்திருந்தால் அதன்பின் எல்லாக் காப்பியும் வெளிறி வரும். அதிகமாக இருந்திருந்தால் பின்னணி கருக்கும், டோனர் உள்ளே கொட்டும். கடைசியில் நன்றாக இருந்த டெவலப்பரைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்க வேண்டிவரும். சிறிய பேட்டரிக்காக அந்தச் செலவு.

இன்னொன்று, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் வசதி ஆன் ஆகியிருந்தால், அதற்கான கீயை முன்பே பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். கீயும் போய், தாளும் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள ஃபைல்களைப் படிக்க வழியில்லை.

ஆஃப் செய்து சட்டென மாற்றுவது

"ரெண்டு செகண்டுல மாத்திட்டா போதும், கெப்பாசிட்டர் தாங்கும்" என்பது பலர் நம்பும் வழி. கெப்பாசிட்டர் என்பது கொஞ்சம் சார்ஜைச் சேமித்து வைக்கும் பாகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஃப் நிலையில் எஸ்ராம் இழுப்பது 2 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பில் இருப்பது 2.7 வோல்ட். பெரும்பாலான சிப்கள் டேட்டாவைப் பிடித்து வைக்க 2 வோல்ட்டாவது வேண்டும். அப்படியானால் கையில் இருக்கும் இடைவெளி 0.7 வோல்ட். அந்த லைனில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால் ஒரு நொடியில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான் தாங்கும். 10 மைக்ரோஃபாரட் இருந்தால் மூன்றரை நொடி. 0.1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் இருந்தால் கணக்குப்படி ஒன்பது மணி நேரத்துக்கு மேல்.

ஆக, இது ஒரு மெஷினில் பலிக்கும், பக்கத்து மெஷினில் கவிழ்த்துவிடும். பேட்டரி ஏற்கெனவே இறங்கிப்போயிருந்தால் அந்த 0.7 வோல்ட்டும் கிடையாது. போர்டில் சூப்பர் கெப்பாசிட்டர் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

மெஷின் ஓடும்போதே மாற்றுவது

பேட்டரி ஹோல்டரில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான். மெஷின் ஆனில் இருக்கும்போது எஸ்ராமுக்குக் கரன்ட் பவர் சப்ளையிலிருந்து வரும். பேட்டரி ஒரு டையோடுக்கு (கரன்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) பின்னால் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் அதைக் கழற்றினால் சிப்புக்குத் தெரியவே தெரியாது.

ஆபத்து வேறு இடத்தில். பவர் சப்ளையின் முதல் பகுதியில் 230 வோல்ட் ஏசி திருத்தப்பட்டுச் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. அந்தப் பக்கம் கையோ கருவியோ போகக்கூடாது. முன் கதவைத் திறந்தே வையுங்கள். பொதுவாகக் கதவு திறந்ததும் இன்டர்லாக் என்ற பாதுகாப்புச் சுவிட்ச் 24 வோல்ட் லைனை வெட்டிவிடும். அதோடு மோட்டாரும் சார்ஜ் பகுதியின் உயர் வோல்டேஜும் நிற்கும். லாஜிக் போர்டின் 5 வோல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது அந்த 5 வோல்ட்தான். ஆட்டோ ஆஃப் டைமரை முன்கூட்டியே நீட்டி வைக்க மறக்காதீர்கள். பேட்டரி வெளியே இருக்கும்போது மெஷின் தூங்கப் போனால் சில மாடல்களில் அந்த 5 வோல்ட்டும் போய்விடும். மின்வெட்டு வந்தாலும் அதே கதிதான். கரன்ட் நிலையில்லாத ஊரில் இதை நம்பி மட்டும் இறங்கக்கூடாது.

செல்லை எடுக்கப் பிளாஸ்டிக் ட்வீசர் வேண்டும். உலோக ட்வீசர் நழுவினால் பக்கத்துக் காலோடு ஷார்ட் ஆகும். புது செல்லைப் போடும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். புத்தம்புது சிஆர்2032 காயின் செல் என்றால் 3.2 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இந்தச் சோதனை அவசியம். பழைய செல் 2.5 காட்டினால், டையோடில் 0.3 போக, சிப்புக்குக் கிடைப்பது 2.2 மட்டும். விளிம்பில் நிற்கிறது, தள்ளிப்போட வேண்டாம்.

தற்காலிக பேட்டரி கொடுத்து மாற்றுவது

போர்டில் பற்றவைத்த பேட்டரி என்றால் ஓடும் மெஷினில் சால்டரிங் அயர்னை வைக்கவே கூடாது. எர்த் ஆன முனை பட்டால் போர்டே போகலாம். இங்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்ராமுக்கு வெளியிலிருந்து 3 வோல்ட் கொடுக்க வேண்டும். இரண்டு ஏஏ செல்களைத் தொடராக இணைத்து, ஒரு ஷாட்கி டையோடு (வோல்டேஜைக் குறைவாகவே விழுங்கும் வகை) வழியாகக் கொடுத்தால் போதும்.

பலர் தவறவிடுவது எங்கே இணைப்பது என்பதைத்தான். பழைய பேட்டரியின் இரு முனைகளிலேயே இணைத்தால், இறங்கிப்போன லித்தியம் செல்லுக்குள் கரன்ட் பாயும். சார்ஜ் ஏற்றக்கூடாத செல் அது, சூடாகி வீங்கும். போர்டு டையோடைத் தாண்டி, நேராகச் சிப்பின் காலில் கொடுங்கள். 62256 வகை 28 கால் எஸ்ராம் என்றால் 28ஆம் கால் பிளஸ், 14ஆம் கால் கிரவுண்ட். சிப்பின் கால்களைக் கவ்வும் ஐசி கிளிப் மாட்டினால் பற்றவைக்கவே தேவையில்லை. இதில் ஒரு கூடுதல் நன்மை உண்டு. பழைய பேட்டரியை எடுக்கும்போது ஈயம் வழிந்து அதன் இரு முனைகளும் ஒட்டிக்கொண்டால்கூட, இடையில் டையோடு இருப்பதால் சிப்பின் வோல்டேஜ் இறங்காது. மின்வெட்டைப் பற்றிய கவலையும் இல்லை. நேரம் அதிகம் பிடிக்கும், சர்க்யூட்டைப் படிக்கத் தெரிந்த கை வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வைக்கும் செல் டேக் (சால்டர் செய்வதற்கான உலோகக் கால்) பற்றவைத்தே வருவதாக இருக்கட்டும். வெறும் காயின் செல்லின் மேல் சால்டர் வைத்தால் சூட்டிலேயே அது பாழாகும். போர்டில் பிஆர்2032 இருந்தால் பிஆரே போடுங்கள், அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 வேண்டாம், அதன் வோல்டேஜ் அதிகம். மிகப் பழைய போர்டுகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அதை எடுத்துவிட்டு லித்தியம் போட்டால், சார்ஜிங் சர்க்யூட் அந்த லித்தியத்தையும் சார்ஜ் செய்யப் பார்க்கும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பேக்கப் எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றுவது

கேட்க இதுதான் பாதுகாப்பானதாகத் தெரியும். ரிக்கோவின் பல மாடல்களில் எஸ்பி 5-824 என்ற சர்வீஸ் கோடு மூலம் என்விராம் (செட்டிங்குகளை வைத்திருக்கும் மெமரி) டேட்டாவை எஸ்டி கார்டில் எடுத்து, 5-825 மூலம் திரும்ப ஏற்றலாம். கியோசெராவில் யு917 என்ற சர்வீஸ் கோடு யூஎஸ்பியில் எழுதித் தரும். ஆனால் இவை எல்லாவற்றையும் எடுப்பதில்லை. ரிக்கோவில் டோட்டல் கவுன்டர் போன்றவை திரும்பி வராது. யு917 எடுப்பது பெரும்பாலும் அட்ரஸ் புக், ஜாப் கணக்கு போன்ற பயனர் பக்கத்து விவரங்கள்தான். இன்ஜின் அட்ஜஸ்ட்மென்ட் அதில் அடங்காது.

ஆகவே தாளில் பிரின்ட் எடுப்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ரிக்கோவில் எஸ்எம்சி பிரின்ட், கேனனில் பி-பிரின்ட், கியோசெராவில் யு000. டோனர் சென்சார் மதிப்பு உட்பட அட்ஜஸ்ட்மென்ட் எண்கள் தாளில் இருந்தால், எது அழிந்தாலும் கையால் திரும்பப் போடலாம். பக்கங்கள் நிறைய வரும், பரவாயில்லை. காப்பிக்கு இவ்வளவு என்று ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்ட மெஷின் என்றால், கவுன்டர் எண்ணை எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். பில் நேரத்துச் சண்டை அதோடு போகும். ஃபேக்ஸ் மெமரியில் வந்து கிடப்பது ஏதாவது இருந்தால் அதையும் பிரின்ட் போட்டுவிடுங்கள்.

சிப்பையே மாற்றுவது

எஃப்எம்1808 போன்ற, கரன்ட் இல்லாமலே டேட்டாவைப் பிடித்து வைக்கும் எஃப்ராம் சிப்பைப் போட்டால் மெமரிக்காகப் பேட்டரி மாற்றும் தொல்லை நின்றுவிடும். கால்கள் 62256க்குப் பொருந்தும். ஆனால் அது ஒவ்வொரு முறையும் சிப் எனேபிள் (சிப்பை வேலைக்கு அழைக்கும்) சிக்னல் இறங்கும்போதுதான் முகவரியை வாங்கிக்கொள்ளும். அந்தச் சிக்னலைக் கீழேயே கட்டிவைத்த போர்டில் வேலை செய்யாது. பழைய சிப்பைக் கழற்றினால் டேட்டா போகும் என்பதால் பேக்கப் எப்படியும் வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் மெஷினுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. பேட்டரியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் டிஎஸ்1230 வகை மாட்யூல் சாக்கெட்டில் இருந்தால் மட்டும் இந்த வழி சுலபம். கழற்றினாலும் டேட்டா உள்ளே இருக்கும், புரோகிராமர் என்ற சிப் படிக்கும் கருவியில் படித்துப் புதியதில் எழுதிவிடலாம்.

என் தேர்வைச் சொல்கிறேன். எந்த வழியானாலும் முதலில் தாள் பிரின்ட். ஹோல்டர் பேட்டரிக்கு, ஓடும்போதே மாற்றம். கரன்ட் நம்பகமில்லாத இடத்தில் அதோடு தற்காலிக செல்லும் சேரட்டும். பற்றவைத்த பேட்டரிக்கு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிப்பின் காலில் தற்காலிக செல். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை ஆஃப் செய்து ஒரு மணி நேரமாவது விட்டு, பிறகு ஆன் செய்து தேதியையும் கவுன்டரையும் தாளோடு ஒப்பிடுங்கள். அதன் பிறகு பின் கவரை மூடினால் போதும். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பிரின்ட் எடுத்த தாள்களோடு முன் கதவின் உட்புறத்தில் வைத்துவிடுங்கள்.