கெல்ம்ஸ்காட் மேனர்: கூரையைப் பார்க்கவே போகலாம்

ஆக்ஸ்போர்டுஷயரில், தேம்ஸ் நதி இன்னும் சிற்றாறாகவே ஓடும் பகுதியில், கெல்ம்ஸ்காட் என்ற சிற்றூரின் ஓரத்தில் இருக்கிறது இந்த வீடு. பெயரில் மேனர் என்று இருந்தாலும், 1600ஆம் ஆண்டையொட்டி டர்னர் என்ற வேளாண் குடும்பத்தார் கட்டிக்கொண்ட பண்ணை வீடுதான் இது. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871இல் இதைக் குத்தகைக்கு எடுத்து, 1896இல் இறக்கும்வரை தம் கிராமத்து இல்லமாக வைத்திருந்தார். பார்வையாளர்களில் பலர் அவருடைய துணி வேலைப்பாடுகளை எண்ணியே வருகிறார்கள். ஆனால் கட்டடக் கலையில் ஆர்வம் உள்ளவர்கள் உள்ளே நுழைவதற்கு முன் தோட்டத்தில் நின்று கூரையை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பேன்.

அந்தக் கூரையில் இருப்பது சுட்ட ஓடு அன்று, மெல்லிய சுண்ணாம்புக்கல் பலகைகள். இறவாரத்தில் அகலமான பெரிய கற்களில் தொடங்கி, வரிசைக்கு வரிசை சிறுத்துக்கொண்டே போய், முகட்டருகே மிகச் சிறியவற்றில் முடிகிறது. மீன் செதில்போல் தெரியும் இந்த ஒழுங்கு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று: கூரையின் மேற்பகுதியில் விழுந்த நீரும் சேர்ந்து வழிந்து இறங்குவதால், அதிக நீரைத் தாங்கவேண்டிய கீழ் வரிசைகளுக்கு இணைப்புகள் குறைந்த பெரிய கற்கள் பொருத்தமானவை, சுமையும் சுவரை ஒட்டியே இறங்குகிறது. இவ்வட்டாரத்தில் இத்தகைய கல்லைப் பிளக்கும் வேலையைக் குளிர்காலத்திடமே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. வெட்டியெடுத்த பாறையை ஈரம் காயாமல் வெளியில் போட்டுவைப்பார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிய, பாறை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

சுவர்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. மூலையில் நின்று பார்த்தால், சுவர் மேலே போகப்போகச் சற்றே உள்வாங்கிச் சாய்வது கண்ணுக்குத் தெரியும். முக்கோண முகப்புகளும் கல் சட்டம் வைத்துப் பிரித்த ஜன்னல்களும் பழைய கிராமத்து மரபைச் சேர்ந்தவை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகிழக்கில் சேர்த்த பகுதியிலோ, அதே முக்கோண முகப்பின் உச்சி ஜன்னல்களுக்கு மேல் கிரேக்க, ரோமானிய பாணியில் சிறு முக்கோண முடிகள் வந்துவிடுகின்றன. நகரத்துப் புதுப் பாணி ஒரு விவசாயி வீட்டை எட்டிவிட்டதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் எனக்கு வேறு தெரியாது. கல்லும் கூரையும் மாறாததால் இரண்டு பகுதிகளும் ஒட்டாமல் நிற்கவில்லை.

உள்ளே நடைவழி என்று தனியாக எதிர்பார்க்க வேண்டாம். ஓர் அறைக்குள் புகுந்துதான் அடுத்த அறைக்குப் போகவேண்டும். எதிர்பாராத இடங்களில் படி வரும். அன்றைய வீடுகளில் தனிமைக்கு எவ்வளவு குறைந்த மதிப்பு இருந்தது என்பது நடந்து பார்க்கும்போதுதான் புரிகிறது. ஓவியர் தாந்தே கேப்ரியல் ரொசெட்டி, மோரிஸுடன் இந்தக் குத்தகையில் பங்கு வைத்திருந்தார். அவர் ஓவியக் கூடமாகப் பயன்படுத்திய அறையில், விவிலியத்தில் வரும் சிம்சோனின் கதையைச் சொல்லும் பழைய திரைச்சீலைகள் சுவரை மூடித் தொங்குகின்றன. சிறப்பான சீலைகள்தாம், ஆனால் கட்டுமானத்தைத் தேடுபவருக்கு அங்கே சுவரே தெரியாது.

அந்தக் குறையைப் பரண் தீர்த்துவைக்கிறது. ஒரு காலத்தில் பண்ணையாட்களும் மேய்ப்பர்களும் படுத்துறங்கிய அந்த மேல்மாடியில் கூரையின் மரச்சட்டங்கள் மறைப்பின்றி நிற்கின்றன. வெளியே பார்த்த கல்லின் பளுவை எவை சுமக்கின்றன என்பதை அருகில் நின்றே பார்த்துவிடலாம். 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, பழையதைப் புதிதாக்கிக் கெடுக்காமல் பழுதுமட்டும் பாருங்கள் என்று மோரிஸ் வாதாடியதற்கு இந்த வீட்டைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1962 முதல் லண்டன் தொல்பொருள் ஆய்வாளர் சங்கத்தின் பொறுப்பில் உள்ள இவ்வீடு, பெரிய பழுதுபார்ப்புப் பணிகளுக்குப் பின் 2022இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை என்பதால் நாட்களைச் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஊரில் ரயில் நிலையம் கிடையாது. காரில் போவதே எளிது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிகள் சிரமம் தரும்; அவர்களும் தோட்டத்தையும் வெளிப்புறத்தையும் பார்க்கத் தாராளமாக வரலாம்.