கொடைக்கானல் போறவங்க கவனத்துக்கு: டிரைவர் நிறுத்துற ஹோட்டல்ல சாப்பிடாதீங்க

லீவுக்குக் கொடைக்கானல் கிளம்புறவங்க ரூம் விசாரிப்பாங்க, இ-பாஸ் எடுப்பாங்க, போட்டிங் எவ்வளவுன்னு கேப்பாங்க. சாப்பாட்டை மட்டும் யாரும் விசாரிக்க மாட்டாங்க. "போற இடத்துல பாத்துக்கலாம்" அப்படின்னு விட்டுடுவோம். அந்தப் "போற இடத்தை" வண்டிக்காரர்தான் முடிவு பண்றார் என்பதுதான் விஷயம். நாங்க ஆறு பேர் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு 3,837 ரூபாய்க்கு பில் வாங்கினோம். அது எப்படி ஆச்சுன்னு வரிசையா சொல்றேன். ஹோட்டல் பெயர் போடப் போறதில்லை. அந்தப் பாதையில் இதே கணக்கில் ஓடுற கடை அது ஒண்ணு மட்டும் இல்லை.

பன்னிரண்டு மைல் ரவுண்டு தெரியும்ல? மோயர் பாயின்ட், பைன் மரக்காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே சுற்றில் காட்டிக் கூட்டிவருவாங்க. கோடைக்கு வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வெச்சிருக்காங்க (2025-ல் வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000). அப்படியும் தூண் பாறைப் பக்கம் வண்டி நகரவில்லை. மணி ரெண்டரை. பின் சீட்டில் பிள்ளைகள் அழ ஆரம்பிச்சாச்சு, மாமனாருக்கு சுகர். டிரைவர் கண்ணாடியில் பார்த்துட்டு, "டவுனுக்குப் போனா நாலு மணி ஆயிரும் சார். பக்கத்துலயே நம்ம கடை ஒண்ணு இருக்கு, வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும்"னார். அந்த நேரத்துல அதைவிட இனிப்பான வார்த்தை உண்டா.

உள்ளே வாசலில் விலைப்பலகை இல்லை. மெனு கார்டு கேட்டோம். "எல்லாம் இருக்கு சார், என்ன வேணும் சொல்லுங்க"ன்னு சர்வர் தம்பி வாயாலேயே ஒப்பிச்சார். மறுபடி கேட்டதும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒண்ணு வந்தது. பண்டங்களின் பெயர் இருந்தது, விலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "சீசன் ரேட் மாறிக்கிட்டே இருக்கும், அதான்." பசியில் இருக்கிற குழந்தையை வெச்சுக்கிட்டு எழுந்து போக மாட்டோம்னு அவங்களுக்குத் தெரியும்.

பிரியாணி அரிசி நடுவில் விறைப்பா இருந்தது. இதுக்கு ஒரு காரணம் உண்டு. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரம், அங்கே தண்ணி 93 டிகிரி வாக்கிலேயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக கீழே ஆவதைவிட நேரம் பிடிக்கும். மலையில் காலங்காலமா சமைக்கிறவங்க அதுக்குத் தகுந்த மாதிரி பொறுமையா தம் போடுவாங்க, இல்லைன்னா குக்கரில் வைப்பாங்க. கூட்டத்துக்கு அவசர அவசரமா இறக்கினா இப்படித்தான் வரும். நாட்டுக்கோழின்னு வந்தது சொல்ல வேண்டியதில்லை, எலும்பை விரலால் ஒடிக்க முடிஞ்சது.

மீன்தான் உச்சம். "லேக் மீன் சார், காலைல பிடிச்சது." தட்டில் வந்தது வெள்ளை வெளேர்னு, மசாலா மேலாப்பில் மட்டும் ஒட்டின துண்டுகள். மாமனார் வைகை அணைப் பக்கத்து ஆள், டேம் மீன் சாப்பிட்டே வளர்ந்தவர். ஒரு துண்டை விண்டு பார்த்துட்டு சர்வரைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன மீனு?"

"ஏரி கெண்டை ஐயா."

"கெண்டையில முள்ளு எங்கப்பா போச்சு?"

தம்பி சிரிச்சுட்டுப் போயிட்டார். கெண்டை முழுக்க ஊசி ஊசியா முள் இருக்கும், சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். எங்களுக்கு வந்தது ஐஸில் உறைஞ்சு பாக்கெட்டில் வர்ற பாசா மீன் துண்டு. விலை எவ்வளவு தெரியுமா? 100 கிராம் 220 ரூபாய், எங்க தட்டில் 460 கிராமாம், 1,012 ரூபாய். எங்க கண் முன்னால் எடை போடவே இல்லை.

பில் வந்தது ஒரு துண்டுச் சீட்டில், பால்பேனா எழுத்தில். சாப்பாடு 280, பிரியாணி 390, பரோட்டா ஒண்ணு 50. சாப்பாட்டோடு தானா வந்த அப்பளத்துக்கும் பச்சடிக்கும் தனியா 90. கண்ணாடி பாட்டில் தண்ணி ஒண்ணு 80. எல்லாம் சேர்த்து 3,322, அதுக்கு மேல சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதுக்கும் மேல ஜிஎஸ்டி 5 சதவீதம்.

தண்ணி விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா இதில்தான் எல்லாரும் ஏமாறுறாங்க. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைஞ்ச பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும் குளிர்பான பாட்டிலுக்கும் தடை. கொண்டு போனா பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நல்ல ஏற்பாடுதான், மலையில் கிடக்கிற குப்பையைப் பார்த்தவங்க குறை சொல்ல மாட்டாங்க. ஆனா இந்த மாதிரிக் கடைகள் அதையே சாக்கா வெச்சு, "பிளாஸ்டிக் தடை சார், இது ஒண்ணுதான் இருக்கு"ன்னு சொல்லி கண்ணாடி பாட்டிலைத் திறந்து மேஜையில் வெச்சிடுறாங்க. எம்ஆர்பி பேசி ஜெயிக்க முடியாது. உட்கார வெச்சுப் பரிமாறுற ஹோட்டல் எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லியாச்சு. எம்ஆர்பிக்கு மேல வாங்கக் கூடாதுங்கிற விதி பெட்டிக்கடை மாதிரி இடங்களுக்குத்தான் செல்லும். அதனால மூடி திறக்கும் முன்னாடியே "சாதா தண்ணி ஜக்கில் குடுங்க"ன்னு சொல்லிடுங்க. வீட்டிலிருந்து சில்வர் பாட்டில் எடுத்துட்டுப் போறது இன்னும் நல்லது.

கல்லாவுக்குப் போனேன்.

"அண்ணே, சர்வீஸ் சார்ஜை எடுத்துருங்க."

"எல்லா ஹோட்டல்லயும் போடுறதுதான் சார்."

"பில்லுல அதுவாவே சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லயே சொல்லிருச்சு. ஹோட்டல்காரங்க போட்ட கேஸும் டெல்லி ஹைகோர்ட்ல தள்ளுபடி ஆயிருச்சு, 2025 மார்ச்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, ஜிஎஸ்டி நம்பர் எங்கே? இந்தச் சீட்டுல இல்லையே. மெஷின் பில் குடுங்க"ன்னேன். மெஷின் ரிப்பேராம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தோட 14 இலக்க எண்ணும் சீட்டில் இல்லை, சுவரிலும் இல்லை. அதையும் கேட்டேன். ஒரு வார்த்தை பேசாம சீட்டை வாங்கி கடைசி ரெண்டு வரியையும் பேனாவால் அடிச்சு, "3,322 குடுங்க"ன்னார். உண்மையிலேயே அரசாங்கத்துக்குக் கட்டுற வரியா இருந்தா ஒரு கோட்டில் காணாமப் போகுமா? விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாக் கட்டுற தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கிற சின்ன ஹோட்டல்கள் வாடிக்கையாளர்கிட்ட ஜிஎஸ்டி தனியா வாங்கவே கூடாது. பதிவே இல்லாதவங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மீனைப் பற்றிக் கேட்டப்போதான் குரல் உயர்ந்தது. "சாப்பிட்டு முடிச்சுட்டுப் பேசுறீங்களே சார்." அது மட்டும் நடக்கலை, 1,012 போனது போனதுதான்.

அங்கே நின்னுக்கிட்டிருந்தப்போ கல்லா மேல ஒரு கோடு போட்ட நோட்டு விரிஞ்சு கிடந்ததைப் பார்த்தேன். இடது பக்கம் வண்டி நம்பர்கள், எதிரில் தொகை, அதுக்கு அடுத்து இன்னொரு சின்னத் தொகை. கடைசி வரியில் நாங்க வந்த வண்டி நம்பர், நேரா 3,837. மூணாவது கட்டம் இன்னும் நிரப்பாம இருந்தது. பின்பக்கம் எட்டிப் பார்த்தா நம்ம டிரைவர் தம்பி தனி மேஜையில் வாழை இலை போட்டு, ஆவி பறக்கச் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அவர் இலையில் இருந்த சோறு நல்லா வெந்திருந்தது.

அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு மனசு வரலை. இறங்கும்போது நேராவே கேட்டேன். "ஒரு நாள் வாடகையில டீசல், ஓனர் பங்கு, பார்க்கிங் எல்லாம் போக எனக்கு என்ன சார் நிக்கும்? சீசன் ரெண்டு மாசம்தான்"னு சொன்னார். உண்மைதான். மத்த வண்டிக்காரங்களைவிடக் குறைச்சலா வாடகை சொல்லி நம்மைப் பிடிக்கிறாங்க, குறைச்ச பணத்தை நம்ம இலையிலிருந்து எடுத்துக்கிறாங்க.

சாப்பாட்டோட முடியலை. அடுத்து "ஹோம்மேட் சாக்லேட்" கடை. பெரிய எழுத்தில் 90 ரூபாய், கீழே எறும்பு எழுத்தில் 100 கிராம். கால் கிலோ விலைன்னு நினைச்சு வாங்குறவங்கதான் அதிகம். அதைவிட முக்கியம், அங்கே குவிச்சு வெச்சிருக்கிறதில் பாதிக்கு மேல் சாக்லேட்டே இல்லை, வனஸ்பதி வகைக் கொழுப்பில் கோகோ தூளும் சர்க்கரையும் கலந்த காம்பவுண்ட். சோதிக்க எளிய வழி, ஒரு துண்டை வாயில் போட்டு மெல்லாம வையுங்க. கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே கரையும். காம்பவுண்ட் மெழுகு மாதிரி அண்ணத்தில் அப்பிக்கும். அதே கடையில் ஒருத்தர் காதோரமா "ஹோம்மேட் வைன் வேணுமா சார்"னு கேட்டார். லைசென்ஸ் இல்லாம வைன் விக்கிறதே குற்றம், உள்ளே என்ன இருக்குன்னும் சொல்ல முடியாது. வேண்டவே வேண்டாம். போதைக் காளான் வேணுமான்னு யாராவது கேட்டா நின்னு பதில்கூடச் சொல்லாதீங்க, போதைப்பொருள் வழக்கில் உள்ளே போகணும்.

மலைப்பூண்டும் அப்படித்தான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினதிலிருந்து எல்லாப் பூண்டும் மலைப்பூண்டு ஆயிருச்சு. அசல் பூண்டைப் புகை மூட்டிப் பக்குவம் பண்ணித்தான் வைப்பாங்க, முகர்ந்தா லேசா அந்தப் புகை வாசம் வரும். பூம்பாறை போனீங்கன்னா குழந்தை வேலப்பர் கோயிலைப் பார்த்துட்டு ஊருக்குள்ளேயே வாங்குங்க.

சரி, எங்கேதான் சாப்பிடுறது? காலைச் சாப்பாட்டை வத்தலக்குண்டிலேயே முடிச்சுட்டு மலை ஏறுங்க. கொண்டை ஊசி வளைவுகளுக்கு வயிறு நிறைய வேண்டாம், நாலு இட்லி போதும். மதியத்துக்கு பஸ் ஸ்டாண்டைச் சுத்தி, அண்ணா சாலை பக்கம் இருக்கிற சைவ ஹோட்டல்கள். விலைப்பலகை இருக்கும், பஸ் கண்டக்டரும் காய்கறிக் கடைக்காரரும் உங்க பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பாங்க. அசைவம் வேணும்னா பஜாருக்குள்ளேயே சின்னக் கடைகள் இருக்கு, உள்ளூர்க் கூட்டம் நிக்கிற கடையாப் பாருங்க. அரசு விலையே போதும்னா சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோட தமிழ்நாடு ஹோட்டல் ஃபெர்ன்ஹில் சாலையில் இருக்கு. ருசிக்கு உத்தரவாதம் தர மாட்டேன், பில்லுக்குத் தருவேன்.

சாயங்காலம் ஏழு ரோடு சந்திப்பிலிருந்து பி.டி. ரோடு பக்கம் நடந்து போனா மோமோ, துக்பா (திபெத்திய நூடுல்ஸ் சூப்) கிடைக்கும். திபெத்தியக் குடும்பங்கள் இந்த ஊரில் ரொம்ப நாளா இருக்காங்க. குளிருக்கு அந்த துக்பா ஒரு கிண்ணம் போதும், எங்க மாமியாரே ரெண்டாவது வாங்கினாங்க. வட்டக்கானல் போனா ஹம்மஸ் (கொண்டைக்கடலை மசியல்), ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை) போடுற சின்னச் சின்னக் கடைகள், இஸ்ரேல் பயணிகள் வந்து வந்து உண்டானது. அங்கே அவசரப்படக் கூடாது, ஆர்டர் சொல்லிட்டு மேகத்தைப் பாத்துக்கிட்டு உட்காரணும். ரொட்டி, கேக் விஷயத்தில் கொடைக்கானல் பேக்கரிகளைக் குறை சொல்ல முடியாது. 1845-லிருந்து அமெரிக்க மிஷனரிகள் தங்கின ஊர். பழத்துக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் எல்லாம் வ்யூ பாயின்ட்டில் சொல்ற விலையைவிட மலிவு.

மாட்டிக்கிட்டீங்கன்னா விலை இல்லாத மெனுவையும் கைச்சீட்டையும் போட்டோ எடுத்துடுங்க. நுகர்வோர் உதவி எண் 1915. கெட்டுப்போன சாப்பாடுன்னா தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையோட வாட்ஸ்அப் 94440 42322. நானும் 1915-ல் பதிவு பண்ணியிருக்கேன், பதில் வந்தா இங்கேயே சொல்றேன்.

வண்டி பேசும்போதே சொல்லிடுங்க: "மதியம் ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இறக்கி விட்டுருங்க தம்பி, உங்க சாப்பாட்டுக் காசை நாங்க தர்றோம். கடையில நிறுத்தக் கூடாது, வேணும்னா வாடகையில 300 சேத்துக்கங்க." எங்க ஊர்க்காரர் ஒருத்தர் போன வாரம் இப்படியே பேசிட்டுப் போனார். டிரைவர் மறுப்பே சொல்லலையாம்.