சார்ஜிங் போர்ட் வைத்த கேமரா பேட்டரிகள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

டைப்-சி போர்ட் பேட்டரியிலேயே இருக்கும். தனி சார்ஜர் வேண்டாம், போனுக்குப் போடும் கேபிளைச் செருகினால் போதும். இப்படிப்பட்ட கேமரா பேட்டரிகளைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சோனி ஏ7 மார்க் 3 கேமராவுக்கு அதன் பேட்டரி மாடலான என்பி-எஃப்இசட்100 வடிவத்தில் சில, வீட்டில் இருக்கும் பழைய கேனான் 80டி கேமராவுக்கு அதன் எல்பி-ஈ6 வடிவத்தில் சில. எதுவும் கேமரா கம்பெனி தயாரித்ததல்ல, எல்லாம் வேறு கம்பெனிகளுடையவை. இரண்டாவது, மூன்றாவது பேட்டரியாகப் பையில் வைத்துக்கொள்ள இவை மிக நல்லவை. ஆனால் கேமரா கம்பெனியின் ஒரிஜினலை வீட்டில் வைத்துவிட்டு இவற்றை மட்டும் நம்பி நான் கிளம்புவதில்லை.

கம்பெனிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. ஒரே பெயரில், ஒரே டப்பாவில் வரும் பேட்டரியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் செல்லும் சர்க்யூட்டும் லாட்டுக்கு லாட் மாறலாம். இன்று நான் நல்லது என்று சொல்வது அடுத்த வருடம் வேறு பொருளாக இருக்கக்கூடும். எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அதிகம் உதவும்.

இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் யுஎஸ்பியிலேயே சார்ஜ் ஆகின்றன, அப்புறம் பேட்டரியில் எதற்குத் தனியாக ஒரு போர்ட் என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஏ7 மார்க் 3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அணைத்து வைத்தால்தான் உள்ளே இருக்கும் பேட்டரி சார்ஜ் ஆகும். கேமராவை இயக்கினால் யுஎஸ்பி மின்சாரம் கேமராவை ஓட்டுவதற்குப் போய்விடும், பேட்டரி ஏறாது. கூட வரும் அடாப்டரில் முழுதாக ஏற நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கேமரா கையில் இல்லை. பேட்டரியிலேயே போர்ட் இருந்தால் ஒன்று கேமராவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பையில் பவர் பேங்கோடு ஏறிக்கொண்டிருக்கும்.

மதுரை சித்திரைத் திருவிழாவில் இதன் அருமை தெரியும். மூன்றுமாவடியில் எதிர்சேவை தொடங்கியதிலிருந்து மறுநாள் விடியலில் அழகர் வைகையில் இறங்கும்வரை கூட்டத்தோடு கூட்டமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்து பிளக் பாயின்ட் தேடும் இடமல்ல அது. இருட்டில் வியூஃபைண்டரும் ஸ்கிரீனும் மணிக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும், வீடியோவும் நடுநடுவே ஓடும். ஒரு முழு பேட்டரிக்கு ஸ்கிரீன் வழியாக 710 படம் என்பது ஏ7 மார்க் 3க்குக் கொடுத்திருக்கும் கணக்கு. அப்படிப்பட்ட இரவில் அந்தக் கணக்கு பொருந்தாது. தீர்ந்ததை வெளியே எடுத்து, பையில் இருக்கும் கேபிளில் செருகி, ஏறியதைக் கேமராவில் போட்டுக்கொண்டு நடந்தபடியே இருக்கலாம். ரயில் பயணத்திலும் அப்படித்தான். பல ரயில்களில் இரவு 11 மணிக்கு மேல் சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். அதற்குள் பவர் பேங்கை மட்டும் நிரப்பிக்கொண்டால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

பழைய டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இதன் பயன் இன்னும் பெரிது என்பேன். 2016-ல் வந்த கேனான் 80டியில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறது, ஆனால் அது படங்களை மாற்ற மட்டும்தான், சார்ஜ் ஏறாது. நிக்கான் டி750ம் அப்படித்தான். சுவரில் செருகும் சார்ஜரை மறந்துவிட்டால் ஊரில் போய்த் தவிக்க வேண்டியதுதான். போர்ட் வைத்த ஒரே ஒரு பேட்டரி பையில் இருந்தால் அந்தக் கவலை போய்விடும். புதிய கேமரா வாங்க வசதி இல்லாமல் பழையதை நன்றாக வைத்துப் படமெடுக்கும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்வேன்.

சரி, சார்ஜ் ஏறும் விஷயத்துக்கு வருவோம். இந்த பேட்டரிகளுக்குள் இரண்டு லித்தியம் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 8.4 வோல்ட். சாதாரண யுஎஸ்பி தருவது 5 வோல்ட். அதை 8.4க்கு உயர்த்தும் ஒரு சின்ன சர்க்யூட் பேட்டரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தனி சார்ஜரில் அந்த வேலை வெளியே நடக்கும், சூடும் வெளியே போகும். இங்கே சூடு செல்களுக்குப் பக்கத்திலேயே உண்டாகிறது. இந்த வகை பேட்டரியின் நல்லது கெட்டதில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

5 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் பேட்டரி என்றால் 10 வாட். சர்க்யூட்டில் போகும் நஷ்டத்தையும் கடைசியில் மெதுவாக ஏறும் நேரத்தையும் சேர்த்தால், என்பி-எஃப்இசட்100 அளவுள்ள ஒன்று நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆகும். சோனியின் தனி சார்ஜரும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கிறது. இதைவிட மிக வேகமாக ஏறும் என்று விளம்பரம் செய்தால் எனக்கு மகிழ்ச்சி வராது, சூடுதான் ஞாபகம் வரும். 65 வாட் லேப்டாப் அடாப்டரில் செருகினாலும் பெரும்பாலானவை அதே 10 வாட்தான் இழுக்கும். அதனால் இதற்கென்று பெரிய அடாப்டர் வாங்க வேண்டியதில்லை.

கேபிளில் ஒரு சிக்கல் உண்டு. என்னிடம் இருக்கும் ஒரு பேட்டரி, இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறவே ஏறாது. ஒரு முனை பழைய சப்பை யுஎஸ்பியாக இருந்தால் உடனே ஏறும். பேட்டரி கெட்டுப்போய்விட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். டைப்-சி அடாப்டர் மறுமுனையில் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். அதற்குக் கருவிக்குள் 5.1 கிலோ-ஓம் மின்தடைகள் இருக்க வேண்டும். ஒரு ரூபாய்கூடப் பெறாத அதை மிச்சம் பிடித்துச் செய்திருந்தால் இப்படித்தான் ஆகும். வாங்கிய அன்றே இரண்டு வகைக் கேபிளிலும் செருகிப் பாருங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடித்தவர் கண்ணுக்குத் தெரியாத வேறு இடங்களிலும் பிடித்திருப்பார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பவர் பேங்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 10,000 எம்ஏஎச் என்று கொள்ளளவு எழுதியிருப்பது 3.7 வோல்ட்டில், அதாவது இரண்டையும் பெருக்கினால் 37 வாட்-அவர் ஆற்றல். பவர் பேங்க் அதை 5 வோல்ட்டாக மாற்றும்போது ஒரு நஷ்டம், பேட்டரி அதை 8.4 ஆக்கும்போது இன்னொரு நஷ்டம். ஒவ்வொன்றிலும் 15 சதவீதம் போனாலும் மிஞ்சுவது 27 வாட்-அவர்கூட இருக்காது. 16.4 வாட்-அவர் உள்ள என்பி-எஃப்இசட்100ஐ ஒன்றரை முறை நிரப்பலாம், அவ்வளவுதான். நான்கு முறை வரும் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். சில பவர் பேங்க்குகள் கடைசிக் கட்டத்தில் மின்னோட்டம் குறைந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானாகவே அணைந்துவிடும், பேட்டரி நூறைத் தொடாமல் நின்றிருக்கும். எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. கொஞ்சம் குறைவாக ஏறினால் செல்லின் ஆயுளுக்கு நல்லதுதான்.

கொள்ளளவைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். ஒரிஜினல் என்பி-எஃப்இசட்100 2280 எம்ஏஎச். அதே அளவு கூட்டுக்குள் போர்ட்டும் சர்க்யூட்டும் வேறு இடம் பிடித்துக்கொள்கின்றன. செல்லின் தரம் நன்றாக இருந்தால் 2280ஐ ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ வரலாம். 3000 என்று அச்சடித்திருந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். என்னிடம் இருப்பவற்றில் நல்லவை புதிதில் ஒரிஜினலின் ஓட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கொடுத்தன. இரண்டு கோடை கடந்த பிறகு அது முக்கால் பங்குக்கு வந்துவிட்டது. அதே காலம் ஓடிய ஒரிஜினலில் இறக்கம் இருந்தாலும் அவ்வளவு இல்லை. விலை பாதிக்கும் கீழே என்பதால் இதை நான் குறையாகப் பார்க்கவில்லை, ஆனால் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரே அறையில், ஒரே செட்டிங்கில் 4கே வீடியோவை ஓடவிட்டு, கேமரா அணையும்வரை நேரம் குறித்தால் போதும். ஏ7 மார்க் 3 ஏறக்குறைய 29 நிமிடத்தில் பதிவை நிறுத்திவிடும், மறுபடி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னும் எளிதான வழி வேண்டுமானால் ஒரு யுஎஸ்பி மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். காலியான பேட்டரி நிரம்பும்வரை எத்தனை வாட்-அவர் உள்ளே போனது என்று அது காட்டும். அதில் 15 சதவீதத்தைக் கழித்தால் உண்மையான கொள்ளளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை இப்படி அளந்து, எண்ணைப் பேட்டரியின் மேலேயே மார்க்கரில் எழுதி வைக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது சதவீதம் காட்டுவதில்தான். ஒரிஜினலில் 20 என்றால் 20. இவற்றில் புதிதாக இருக்கும்வரை ஓரளவு சரியாகவே காட்டும். வயதாக ஆக, 35 என்று காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று அணைந்துவிடும். இரண்டு செல்களில் ஒன்று மற்றதைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிட்டால் அந்தத் தளர்ந்த செல் அடிமட்டத்தைத் தொட்டதுமே பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடுகிறது, மற்றதில் மின்சாரம் மிச்சம் இருந்தாலும். தாலி கட்டும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று கல்யாணம் எடுப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் வேலையில், திரும்பி வராத அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரிஜினல்தான் கேமராவில் இருக்க வேண்டும். ரிசப்ஷன், மேடையில் வரிசையாக வந்து நிற்கும் குடும்பப் படங்கள் இவற்றுக்கெல்லாம் போர்ட் பேட்டரி தாராளமாகப் போதும்.

கேனானில் வேறு மாதிரி. ஒரிஜினலைப் போட்டால் மெனுவில் எத்தனை படம் எடுத்தோம் என்பதும், பேட்டரியின் ஆரோக்கியம் மூன்று பச்சைக் கட்டங்களாகவும் தெரியும். வேறு கம்பெனி பேட்டரிகளில் சிலவற்றைப் போட்டால், பேட்டரியோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று கேமரா எச்சரிக்கை காட்டும். சரி என்று அழுத்தினால் கேமரா ஓடும், ஆனால் அந்த விவரங்கள் கிடைக்காது. சோனியில் சில பேட்டரிகள் கேமராவுக்குள் வைத்து யுஎஸ்பியில் ஏறாது, வெளியே எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் ஊர் வெயில் இவற்றுக்குப் பெரிய எதிரி. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பது பொதுவான வரம்பு. கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே பேட்டரியும் பவர் பேங்கும் பைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்து ஏறிக்கொண்டிருந்தால், வெளிச்சூட்டோடு இரண்டின் சூடும் சேர்ந்துகொள்ளும். நான் சார்ஜ் போடும் பேட்டரியைப் பையின் வெளிப் பாக்கெட்டில், காற்றுப் படும்படி வைக்கிறேன். தொட்டால் கை சுடுகிறது என்றால் கேபிளைப் பிடுங்கிவிடுவேன்.

சும்மா கிடந்தாலும் இவை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகின்றன. உள்ளே இருக்கும் சர்க்யூட் எப்போதும் துளி மின்சாரம் குடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒரு மாதம் அலமாரியில் கிடந்த ஒரிஜினலில் பெரிய வித்தியாசம் தெரியாது, இவற்றில் நன்றாகவே தெரியும். அடிமட்டம்வரை போய்ப் பல மாதம் அப்படியே கிடந்தால் சில மறுபடி உயிர்பெறாது. அதனால் பாதி அளவு ஏற்றி வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவேன்.

என்னிடம் இருந்த ஒன்று உப்பிவிட்டது. கேமராவுக்குள் வழக்கத்தைவிட இறுக்கமாகப் போனது, அடுத்த முறை வெளியே எடுக்கவே சிரமப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வீக்கம் இல்லை, மேசையில் படுக்க வைத்தபோது லேசாக ஆடியது. அதோடு அதை நிறுத்திவிட்டேன். விற்ற கடையில் உத்தரவாதம் ஆறு மாதம்தான் என்று கைவிரித்துவிட்டார்கள். இறுக்கம் தெரிந்தாலே அந்த பேட்டரியை மறுபடி கேமராவில் போடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் கேமராவையே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பேட்டரியில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல அதற்குப் பல மடங்கு ஆகும்.

இந்தியாவில் விற்கும் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தெரியும். எண்ணே இல்லாத பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்குவதில்லை. விமானத்தில் போகும்போது உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது. 100 வாட்-அவர்வரை தனி அனுமதி தேவையில்லை, இவை அதில் ஆறில் ஒரு பங்குதான். உலோக முனைகளுக்கு பிளாஸ்டிக் மூடி கொடுத்திருந்தால் தொலைக்காமல் வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டு டேப் ஒட்டினாலும் போதும்.

உப்பியதையோ ஓய்ந்ததையோ குப்பைத் தொட்டியில் போட வேண்டாம், குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பதும் தயாரிப்பாளர்களின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்வரை மரச்சாமான், துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஒரு பழைய மண்சட்டிக்குள் போட்டு வையுங்கள்.