பிள்ளை உடைத்துவிட்டால்: முழுப் பணமா, கைவிரிப்பா, பங்கா?

ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு நான் அப்பா. ஒரு கைவினைக் கண்காட்சியில் அக்காவைக் கூப்பிட அவன் சட்டென்று திரும்பினான். முதுகில் இருந்த பை, ஸ்டூல் மேல் நின்ற ஒரு சுடுமண் குதிரையில் இடித்தது. முழங்கை நீளக் குதிரை. கழுத்து ஒரு பக்கம் போனது, உடம்பு மூன்று துண்டாகக் கிடந்தது. சத்தம் கேட்டுக் கூடமே திரும்பிப் பார்த்தது. பையன் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நிமிடத்தில் பெற்றோருக்கு மூன்று வழிகள்தான். பர்ஸை எடுத்துக் கேட்ட தொகையை எண்ணி வைப்பது ஒன்று. 'இப்படியா வைப்பார்கள்' என்று சத்தம் போட்டுவிட்டு நடையைக் கட்டுவது இன்னொன்று. அங்கேயே நின்று, நடந்ததை இரண்டு தரப்பும் சேர்ந்து பார்த்து, யார் பங்கு எவ்வளவு என்று பேசி முடிப்பது மூன்றாவது. நான் மூன்றாவதில் போய் முடித்தேன், ஆனால் முதலாவதில்தான் தொடங்கினேன். பர்ஸ் கைக்கு வந்துவிட்டது. "கொஞ்சம் இருங்க, முதல்ல அந்த ஸ்டூலப் பாருங்க" என்று சொன்னது என் மனைவி.

கைவிரிப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சில நாடுகளின் சட்டம் அதற்கு ஓரளவு துணை நிற்கிறது. ஜெர்மனியில் ஏழு வயது நிரம்பாத குழந்தை எதை உடைத்தாலும் அதன் மேல் பொறுப்பு விழாது. பெற்றோரும், பார்த்துக்கொள்ளும் கடமையில் தவறியிருந்தால்தான் கொடுக்க வேண்டும். 'பிள்ளைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு' என்று அங்கே வேலிக்கு வேலி பலகை மாட்டியிருப்பார்கள், ஆனால் சட்டம் அவ்வளவு நேராகச் சொல்வதில்லை. இங்கிலாந்திலும் பெற்றோர் என்பதற்காக மட்டும் யாரும் கட்ட வேண்டியதில்லை, அவர்கள் பக்கம் கவனக்குறைவு இருந்திருக்க வேண்டும். எல்லாம் சரி. பையன் பக்கத்தில் நிற்கும்போது அப்பா நடையைக் கட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

முழுப் பணத்தை உடனே கொடுப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அவமானம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. பிரான்சின் சட்டமும் இந்தப் பக்கம்தான். வயது வராத பிள்ளை செய்த சேதத்துக்குப் பெற்றோர், தங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும், பொறுப்பு. 1997இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. 'நாங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம்' என்ற வாதம் அதற்குப் பிறகு எடுபடாமல் போனது.

இந்த வழியின் கோளாறு எங்கே என்று பார்க்க 2022 மே மாதம் ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வணிக வளாகத்துப் பொம்மைக் கடை வாசலில், 1.8 மீட்டர் உயரத்தில் தங்க நிற டெலிடப்பி (குழந்தைகள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரம்) பொம்மை ஒன்று நின்றது. ஐந்து வயதுப் பையனால் அது விழுந்து நொறுங்கியது. விலை 52,800 ஹாங்காங் டாலர். பையன் உதைத்துவிட்டான் என்று கடை ஆள் சொல்ல, அப்பா 33,600 டாலரைக் கட்டிவிட்டு வந்தார். அப்புறம் கண்காணிப்புக் கேமரா காட்சி வெளியே வந்தது. பையன் உதைக்கவே இல்லை. பின்பக்கமாக லேசாகச் சாய்ந்தான், அவ்வளவுதான். ஊரே கடையைத் திட்ட, கடை மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் காட்சி வெளியே வந்திராவிட்டால், செய்யாத உதையைச் செய்தவனாகவே அந்தப் பையன் நின்றிருப்பான். பணம் போனதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது. அவசரமாகக் கொடுத்த பணம், பிள்ளையின் பெயரில் எழுதிய குற்ற ஒப்புதல் ஆகிவிடுகிறது.

சரி, மூன்றாவது வழிக்கு வருகிறேன். நான் அதன் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

அதில் எல்லாம் ஒரே கேள்வியில் நிற்கிறது: பொருள் எப்படி வைக்கப்பட்டிருந்தது? மனைவி சொன்ன பிறகு குனிந்து பார்த்தேன். நான்கு கால் ஸ்டூல். ஒரு கால் குட்டை, அதன் அடியில் நான்காக மடித்த அட்டைத் துண்டு. அட்டை நசுங்கி ஒரு ஓரம் பிதுங்கியிருந்தது. ஸ்டூலின் இருக்கை குதிரையின் கால்களைவிட இரண்டு விரல்தான் அகலம். நடைவழி வளையும் இடத்தில், சரியாக மூலையில் நிறுத்தியிருந்தார்கள். விரலால் தொட்டேன், ஸ்டூல் ஆடியது. பை இடித்தது உண்மைதான். ஆனால் அந்த வழியில் கைப்பையோடு வரும் பெரியவர் இடித்திருந்தாலும் அது விழுந்திருக்கும்.

அடி குறுகி, கனம் மேலே இருந்தால் எந்தப் பொருளும் சிறு சாய்வில் கவிழும். அருங்காட்சியகக்காரர்களுக்கு இது பால பாடம். உள்ளே வெற்றிடமாக இருக்கும் ஜாடிக்குள் மணல் பை போட்டுக் கனத்தைக் கீழே இறக்குவார்கள். சின்னப் பொருள்களை மெழுகு வைத்துப் பீடத்தோடு ஒட்டுவார்கள். அதற்கென்றே மியூசியம் வேக்ஸ் என்று ஒன்று விற்கிறது. கை எட்டாத தூரத்தில் கயிறு கட்டுவார்கள். இதில் எதையும் செய்யாதவர், முழு விலையையும் குழந்தையின் அப்பாவிடம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

2018இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஓவர்லேண்ட் பார்க் என்ற ஊரில் சண்டை வந்ததும் இந்த இடத்தில்தான். சமுதாயக் கூடத்தில் வைத்திருந்த ஒரு சிலையை ஐந்து வயதுப் பையன் கட்டிப்பிடிக்க, அது அவன் மேலேயே சாய்ந்தது. நகராட்சியின் காப்பீட்டு நிறுவனம் பெற்றோருக்கு 1,32,000 டாலர் கேட்டுக் கடிதம் அனுப்பியது. பிள்ளையைக் கவனிக்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். கல்யாண விருந்துகள் நடக்கும் கூடத்தில் இவ்வளவு விலையுள்ள சிலையைப் பிடிப்பில்லாமல் வைக்கலாமா என்பது பெற்றோரின் பதில். என் ஓட்டு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே கேள்வி பெற்றோருக்கு எதிராகவும் திரும்பும். ஷாங்காய் கண்ணாடி அருங்காட்சியகத்தில் 'தேவதை காத்திருக்கிறாள்' என்ற கண்ணாடிச் சிறகு வேலைப்பாடு இருந்தது. செய்து முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பொருள். தடுப்பு போட்டிருந்தார்கள். இரண்டு சிறுவர்கள் தடுப்பைத் தாண்டிப் போய் இழுத்தார்கள், கூட வந்த பெரியவர்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். அங்கே பங்கு பேச இடமே இல்லை, முழுவதும் பெரியவர்கள் கணக்குத்தான். கலைஞர் அதைச் சரிசெய்யாமல், 'உடைந்தது' என்று பெயரை மாற்றி அப்படியே வைத்துவிட்டார். பணம் கேட்பதைவிட இது வலிக்கும் என்று நினைக்கிறேன்.

2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நான்கு வயதுப் பையன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு ஜாடியை இழுத்தான். குறைந்தது 3,500 வருடப் பழைய ஜாடி. கண்ணாடிப் பெட்டி இல்லாமல், நுழைவாயில் பக்கத்தில் திறந்தபடி வைத்தது அருங்காட்சியகம் தெரிந்தே எடுத்த முடிவு. தடுப்பில்லாமல் பார்த்தால்தான் அழகு என்பது அவர்கள் கொள்கை. அதனால்தானோ என்னவோ, அவர்கள் பணம் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தைத் திரும்ப வரவழைத்துச் சுற்றிக் காட்டினார்கள், ஜாடியையும் ஒட்டவைத்தார்கள். வேண்டுமென்றே உடைத்திருந்தால் போலீஸ் வந்திருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். திறந்து வைப்பதன் விலையைத் தானே ஏற்றுக்கொண்ட இடம் அது. எல்லாரிடமும் இதை எதிர்பார்க்க முடியாது. தனி ஆள் ஒருவர் பிழைப்புக்காகக் கடை போட்டிருக்கும்போது அந்தப் பெருந்தன்மையை அவரிடம் கேட்பது அநியாயம்.

என் விஷயத்தில் அதுதான் நிலைமை. குதிரையைச் செய்தவரே கடையில் இருந்தார். விலைச்சீட்டைக் காட்டி முழுத் தொகையைக் கேட்டார். நான் ஸ்டூலையும் அட்டையையும் காட்டினேன், துண்டுகளைப் பொறுக்குவதற்கு முன்பே போட்டோவும் எடுத்திருந்தோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காலையில எடுத்து வைக்கும்போதே ஆடிச்சு சார்" என்றார். பாதி என்று சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் நெரிசலான வழியில் பிள்ளை முதுகில் பையை மாட்டி விட்டது நான். மூன்றில் இரண்டு பங்கு கொடுக்கிறேன் என்றேன், ஒத்துக்கொண்டார். 'தவறுதலாக உடைந்தது, கணக்கு முடிந்தது' என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வேண்டாத சடங்கு போலத்தான் இருந்தது. ஆனால் அந்த 'தவறுதலாக' என்ற சொல்லை மகனுக்குப் படித்துக் காட்ட முடிந்தது.

இந்த வழிக்கு நேரம் வேண்டும், எதிராளியும் நிதானமாக இருக்க வேண்டும். கத்துகிற ஆளிடம் இது நடந்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

காப்பீட்டை நான்காவது வழி என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2015இல் தைவானின் தைபே நகரில் ஒரு கண்காட்சியில் பன்னிரண்டு வயதுப் பையன் தடுக்கி விழுந்து, 15 லட்சம் டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பதினேழாம் நூற்றாண்டு ஓவியத்தில் கையால் ஓட்டை போட்டான். ஓவியத்துக்குக் காப்பீடு இருந்தது, குடும்பத்திடம் பணம் கேட்கவில்லை. பிள்ளைகள் செய்யும் சேதத்துக்கு நாமே எடுக்கும் காப்பீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜெர்மனி மாதிரி நாட்டில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சட்டப்படி பொறுப்பு இல்லை என்றால் நிறுவனமும் கொடுக்காது. அதனால் 'பொறுப்பு வராத வயதுக் குழந்தை' என்று தனியாக ஒரு பிரிவைச் சேர்த்து வாங்குகிறார்கள். எடுப்பவர் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேண்டுமென்றே செய்யும் வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. 2006இல் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் பள்ளிச் சுற்றுலா வந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கந்தாலரின் ஓவியத்தில் சூயிங்கத்தை ஒட்டிவிட்டான். அங்கே ஸ்டூலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? பள்ளி அவனை இடைநீக்கம் செய்தது. என் பையன் அந்த வயதில் அப்படிச் செய்தால் பங்கு பேசுவேனா, பர்ஸை எடுப்பேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பர்ஸ்தான் என்று தோன்றுகிறது.

மறு வருடமும் அதே கண்காட்சிக்குப் போனோம். ஸ்டூலைக் காணோம், செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டிருந்தார். பையனுடைய பை என் தோளில் இருந்தது.