எபிரேய எழுத்துகளில் கிறிஸ்துவைத் தேடும் தமிழ்ப் பொதி: எந்தப் பக்கத்தை நம்பலாம்?

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கச் சபைகளில் கைமாறிக்கொண்டிருக்கும், எபிரேய எழுத்துகளைக் கற்பித்து அவற்றில் கிறிஸ்துவைக் காட்டும் தமிழ்ப் பயிற்சிப் பொதி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. சுவரில் ஒட்டும் எழுத்து அட்டவணை, 22 அட்டைகள், ஒரு கைந்நூல், போயா தினங்களில் நடக்கும் வகுப்பு. இவ்வளவும் சேர்ந்ததுதான் பொதி. வெளியிட்டவர்களின் பெயர் இங்கே வேண்டாம். இதே சரக்கு வேறு வேறு அட்டை போட்டும் வருகிறது, குறையும் அநேகமாக ஒன்றுதான்.

முதலில் அச்சைப் பாருங்கள், ஏனென்றால் எழுத்தையே நம்பி நடக்கும் பாடத்தில் எழுத்து பிழைத்தால் மிச்சம் எதுவும் இல்லை. கைந்நூலின் தமிழ் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் அப்படி அடித்த வரிக்குள் எபிரேயத்தை ஒட்டினால் அது இடமிருந்து வலமாக விழுந்துவிடும். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதப்படுவது; இயேசுவின் எபிரேயப் பெயரான யேசுவாவில் யோத் என்ற எழுத்து வலது ஓரத்தில் நிற்க வேண்டும், அடுத்து ஷின், வாவ், கடைசியில் அயின். கைந்நூலில் சில பக்கங்களில் அயின் வலது ஓரத்தில் நிற்கிறது, பெயர் தலைகீழ். இதைப் பார்த்து எழுதிப் பழகுகிறவர் ஆயுசுக்கும் பிழையாகவே எழுதுவார்.

அட்டைகளில் வேறு சிக்கல். தாலெத்துக்கும் ரேஷுக்கும் உள்ள வித்தியாசம் மேல் வலது மூலை மட்டுமே: தாலெத்துக்கு அது கூராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரேஷுக்கு வளைந்து இறங்கும். போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியில் அந்த மூலை மழுங்கிப் போயிருக்கிறது. உபாகமம் 6:4இல் ‘கர்த்தர் ஒருவரே’ என்ற இடத்தில் வரும் எகாத் என்ற சொல்லின் கடைசி எழுத்து தாலெத். அதை ரேஷாக வாசித்தால் ‘வேறொருவர்’ என்று ஆகிவிடும். யூத எழுத்தர்கள் அந்த ஒரு தாலெத்தைப் பெரிதாக எழுதிவைத்ததற்குச் சொல்லப்படும் காரணமும் இதுதான். ஹே–ஹேத், பேத்–காப் அட்டைகளும் இதே கதி.

எழுத்தெண் கணக்கு, அதாவது ஒவ்வொரு எபிரேய எழுத்துக்கும் உள்ள எண்ணைக் கூட்டிப் பார்ப்பது, செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. தமிழ் ஒலிபெயர்ப்பை வைத்து ஒருபோதும் கூட்டாதீர்கள். தமிழில் ‘த’ என்று எழுதுவது தாலெத்தாக இருந்தால் 4, தேத்தாக இருந்தால் 9, தாவாக இருந்தால் 400. ‘க’வும் அப்படித்தான்: காப் 20, கோப் 100. கைந்நூலின் பயிற்சிகளில் பாதி தமிழ் எழுத்தில் மட்டும் தரப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு விடை வராததற்குக் கற்பவரில் குற்றமில்லை.

உள்ளடக்கத்தில் மிகவும் உருப்படியானது கடைசி எழுத்தான தாவ் பற்றிய பாடம். எசேக்கியேல் 9:4இல் நெற்றியில் போடச் சொல்லும் அடையாளத்துக்கு எபிரேயத்தில் நிற்கும் சொல் தாவ். பழைய எபிரேய எழுத்தில் அந்த எழுத்தின் வடிவம் சிலுவைக்குறி, நேராகவோ சாய்வாகவோ. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் இந்த ஒற்றுமையைக் குறிப்பிட்டிருக்கிறார், ஆகவே இது நேற்று முளைத்த விளக்கம் அல்ல. ஆனால் அட்டவணை பழைய எழுத்தையும் இன்றைய சதுர எழுத்தையும் ஒரே கட்டத்தில் போட்டு, இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணத்தைக் கொடுக்கிறது. இன்றைய தாவில் சிலுவை தெரியாது. சதுர எழுத்து பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பின் அராமிய வழியாக வந்தது.

ஒவ்வொரு எழுத்தையும் ஒரு படமாக வாசிக்கும் படவிளக்கப் பாடம் அவ்வளவு தேறாது. கர்த்தரின் நாலெழுத்துப் பெயரை (யோத், ஹே, வாவ், ஹே) ‘கை, இதோ, ஆணி, இதோ’ என்று பிரித்து வாசிக்கச் சொல்கிறது. வாவ் ஆணி அல்ல, கொக்கி. யாத்திராகமம் 27:10இல் ஆசரிப்புக் கூடாரத் தூண்களின் கொக்கிகளுக்கு வரும் சொல்லே அது. ஆதியாகமம் 1:1இன் நான்காவது சொல்லான ‘எத்’ முதலெழுத்தான ஆலெப்பும் கடைசி எழுத்தான தாவும் சேர்ந்தது, ஆகவே அல்பாவும் ஓமெகாவும் அங்கே இருக்கிறார் என்பது அடுத்த பாடம். அந்தச் சொல் தமிழின் ‘ஐ’ உருபு செய்கிற வேலையைச் செய்வது, வேதாகமம் முழுக்க ஆயிரக்கணக்கில் வருவது. யாத்திராகமம் 32:20இல் மோசே எடுத்துச் சுட்டெரிக்கும் பொன் கன்றுக்குட்டிக்கு முன்னாலும் அதே ‘எத்’ நிற்கிறது. அங்கே யார் இருக்கிறார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

எழுத்தெண் பாடத்தில் கூட்டல் சரி. மேசியா: மேம் 40, ஷின் 300, யோத் 10, ஹேத் 8, மொத்தம் 358. ஆதியாகமம் 49:10இல் ‘சீலோ வருவார்’ என்பதற்கு வரும் இரண்டு சொற்களும் 13 + 345, அதுவும் 358. கைந்நூல் இங்கே நிறுத்திவிடுகிறது. ஏதேனில் ஏவாளிடம் பேசிய சர்ப்பத்துக்கு எபிரேயத்தில் நாகாஷ்: நூன் 50, ஹேத் 8, ஷின் 300. இதுவும் 358தான்! வெண்கலச் சர்ப்பத்தையும் யோவான் 3:14ஐயும் காட்டி இதற்கும் ஒரு பதில் சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் மேசியாவும் வரலாம், சர்ப்பமும் வரலாம், இரண்டுமே நிரூபணம் என்றால் அந்தக் கணக்கால் எதையும் மறுக்க முடியாது. வீட்டில் சோதிக்க ஒரு வழி: கூட்டுவதற்கு முன் எந்தச் சொல், எந்த வசனம், எந்த எழுத்துக்கூட்டல் என்று கொப்பியில் எழுதிவையுங்கள். விடை வந்த பிறகு ஹேயைக் கூட்டுவதோ வாவைக் குறைப்பதோ கூடாது. இந்த விதியோடு செய்தால் கைந்நூலில் உள்ள பொருத்தங்களில் பெரும்பாலானவை விழுந்துவிடும்.

மிகவும் பலவீனமானது ‘இடைவெளிக் குறியீடு’ என்ற பாடம். ஏசாயா 53:10இலிருந்து 20 எழுத்துக்கு ஒன்றாகப் பின்னோக்கி எடுத்தால் ‘யேசுவா என் நாமம்’ என்று வருகிறதாம். வருவது உண்மை. ஆனால் இது எவ்வளவு எளிதாக வரும் என்பதைக் கணக்குப் பாருங்கள். எபிரேய நடையில் யோத்தும் வாவும் தலைக்குப் பத்தில் ஒரு பங்கு, ஷின் ஏறக்குறைய இருபதில் ஒன்று, அயின் இருபத்தைந்தில் ஒன்று. பெருக்கினால் 50,000 இடத்துக்கு ஒரு தடவை யேசுவா தற்செயலாக விழும். ஐந்தாகமத்தில் (மோசேயின் ஐந்து நூல்களில்) 304,805 எழுத்துகள் என்பது மரபுக் கணக்கு. ஆக ஒவ்வொரு இடைவெளிக்கும் சுமார் ஆறு முறை, பின்னோக்கியும் தேடினால் பன்னிரண்டு. இடைவெளியை 2 முதல் 1,000 வரை விருப்பம்போல் மாற்றலாம் என்றால் எந்த அதிகாரத்திலும் கிடைக்கும், இடறலான வசனங்களிலும் கிடைக்கும்.

இன்னொரு ஓட்டை, ஒரு எழுத்து கூடினாலே சங்கிலி அறுந்துவிடுவது. 1947இல் சாக்கடல் குகையில் அகப்பட்ட பெரிய ஏசாயாச் சுருளில் ‘இல்லை’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு வாவ் கூடுதலாக எழுதப்பட்டிருக்கிறது. ‘கொடுமை செய்யவில்லை’ என்னும் 53:9இல் அந்தச் சொல் இரண்டு முறை வருகிறது, இந்தச் சங்கிலி அந்த வசனத்துக்கு மேலேதான் போகிறது. எந்தப் பிரதியை எண்ணினோம் என்று கைந்நூல் ஓரிடத்திலும் சொல்லவில்லை. 1994இல் ஸ்டாடிஸ்டிக்கல் சயன்ஸ் இதழில் இத்தகைய குறியீடுகளுக்கு ஆதரவாக வந்த கட்டுரையைக் கைந்நூல் பெருமையோடு காட்டுகிறது. அதே இதழ் 1999இல் வெளியிட்ட விரிவான மறுப்பை விட்டுவிட்டது.

சிலுவை மேலிருந்த விலாசத்தின் முதலெழுத்துகள் கர்த்தரின் நாமத்தைத் தரும் என்ற பக்கத்தைச் சும்மா தள்ளிவிடலாம். யோவான் 19:19இன் கிரேக்கத்தில் ‘நசரேயனாகிய இயேசு யூதருடைய ராஜா’ என்றுதான் இருக்கிறது, நடுவில் ‘உம்’ கிடையாது. அதை நுழைத்தால்தான் எபிரேயத்தில் ‘உம்’ ஆக நிற்கும் வாவ் வரும்.

உண்மையிலேயே ஒரு எழுத்தில் பொருள் தொங்கும் இடத்துக்குக் கைந்நூல் அரைப் பக்கம் கூடக் கொடுக்கவில்லை. சங்கீதம் 22:16: ‘என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்.’ யூதர் பேணிவந்த எபிரேய மூலமான மசோரா பாடத்தில் இங்கே ‘கஆரி’, சிங்கத்தைப்போல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் ‘தோண்டினார்கள்’. இரண்டையும் பிரிப்பது கடைசி எழுத்து யோத்தா வாவா என்பதே. வாவின் காம்பு நீளம், யோத்துக்குக் குட்டை, கையெழுத்தில் எளிதில் மயங்கும். நாகால் ஹேவர் குகையில் கிடைத்த சங்கீதச் சுருளில் வாவ் வாசிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் ஆலெப் ஏன் நிற்கிறது என்பதில் அறிஞர்களிடையே இழுபறி இருந்தாலும், கிறிஸ்தவ வாசிப்புக்குச் சுவடியில் காலூன்ற இடம் உண்டு என்று தைரியமாகச் சொல்லக்கூடிய இடம் இது. எபிரேயப் பதிப்பில் தேடுகிறவர்கள் 22:17ஐப் பார்க்கவும், தலைப்பும் ஒரு வசனமாக எண்ணப்படுவதால் ஒன்று கூடும். வகுப்பில் பலர் வசனம் அகப்படாமல் தடுமாறுவது இதனால்தான்.

வேதாகமத்துக்குள்ளேயே இருக்கும் எழுத்து விளையாட்டுகளும் கைந்நூலில் இல்லை. எரேமியா 25:26இன் சேசாக்கு, முதலெழுத்தைக் கடைசியோடு மாற்றும் முறையில் எழுதிய பாபேல். சங்கீதம் 119 எழுத்துக்கு எட்டு வசனமாக 176. புலம்பலின் முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசை. மூன்றையும் சேர்த்திருந்தால் பொதியின் தரமே வேறாக இருந்திருக்கும்.

எழுத்து கற்க மட்டும் வாங்குவதானால் அட்டைகளை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் கேளுங்கள், தனியாகவும் தருகிறார்கள். காசு கொடுக்க முன் தாலெத், ரேஷ் இரண்டையும் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பாருங்கள், மூலை தெரியவில்லை என்றால் வேறு பிரதி கேளுங்கள். ஏசாயாச் சுருளின் படங்களை இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வகுப்புக்குப் போகிறவர்கள் தாவ் பாடத்துக்குப் போய், குறியீட்டுப் பாடத்தன்று வீட்டில் நிற்கலாம்.